பரளச்சி வேனுக்கு வந்த வியாதி

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், எங்கள் ஊரில் ஆளாளுக்கு டாக்டராகிவிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் டைனமோ போச்சு என்பார். பஞ்சர் ஒட்டுகிறவர் பேட்டரி போச்சு என்பார். வண்டிக்காரர் இரண்டையும் மாற்றிவிடுவார். அதற்குப் பிறகும் வண்டி கிளம்பாவிட்டால்தான் என் ஞாபகம் வரும். என் பெயர் ஜமால் மைதீன். அருப்புக்கோட்டையில், திருச்சுழி ரோட்டில், வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற கடை என்னுடையது. அதற்கு முன்னால் சவூதியில், தம்மாமில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே வேலையைப் பார்த்தேன். மைதீன் பாய் சிடுசிடு ஆள் என்று டவுனில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. நல்ல சாமானைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து நிற்கிறவனிடம் பல்லைக் காட்டிப் பேச எனக்கு வராது.

பரளச்சி கிராமத்து நாகஜோதியும் அப்படித்தான் வந்தாள். வேனைக் கடை முன்னால் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலே இறங்கினாள். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்கிற பயம். ஓடுகிற இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் பேசினோம்.

"டைனமோ புதுசு மாத்தியாச்சுண்ணே. ஆனாலும் காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. இன்னைக்கும் ஒரு லாரிக்காரர் பேட்டரியில வயரக் குடுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுனேன்."

"மாத்தச் சொன்னது யாரு?"

"எல்லாருந்தேன் சொன்னாக."

"அந்த எல்லாருட்டயும் போயி வேலையப் பாரு. எங்கிட்ட எதுக்கு வந்த?"

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவள் போகவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, "மில்லுக்கு ஆள் ஏத்துற வண்டிண்ணே. இது நின்னா நானும் எங்க அத்தையும் நிக்கணும்" என்றாள். கேட்டதும் எனக்கு என் வாய் மேலேயே கோபம் வந்தது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்த பிறகுதான் அது ஆனந்தகுமாரின் வேன், இவள் அவன் பெண்சாதி என்று தெரிந்தது. அவனை எனக்கு முகம் தெரியும். சுற்றுவட்டத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு நூல் மில்லில் விட்டு, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறவன். சத்தம் போட்டு ஹாரன் அடிக்க மாட்டான். போன சித்திரையில் ஒரு நாள் காலை, வண்டி நிறைய ஆட்களோடு வந்தவன், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறான். போன் வந்திருக்கிறது போல என்று பின்னால் இருந்த பெண்கள் பேசாமல் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி தோளைத் தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுச் செத்தவன் என்று டவுன் டிரைவர்கள் இன்றைக்கும் அவனைப் பற்றிச் சொல்வார்கள்.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வண்டியை விற்கச் சொன்னார்கள். நாகஜோதி கேட்கவில்லை. மழை பொய்த்து வறண்டு கிடந்த கண்மாய்க்குள் அவளை உட்கார வைத்து ஆனந்தகுமார் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். விளையாட்டுக்குத்தான் கற்றுக்கொடுத்தான். அவள் லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். பொட்டில்லாத நெற்றியோடு அவள் முதல் நாள் வேனை எடுத்துக்கொண்டு வந்தபோது, ஏறலாமா வேண்டாமா என்று பெண்கள் ரோட்டிலேயே நின்றார்களாம். அவர்களில் மூத்தவளான தங்கச்செல்வி முதலில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்த பிறகு மற்றவர்களும் ஏறினார்கள். அன்றிலிருந்து நாகஜோதிதான் டிரைவர். வீட்டில் மாமியார் பெத்தம்மாள். பிள்ளை குட்டி கிடையாது. மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. அதை நம்பி யாரும் உலை வைக்க முடியாது.

நான் மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தேன். இஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பன்னிரண்டைத் தாண்டவில்லை. டைனமோவிலேயே நேராக வைத்துப் பார்த்தால் பதினாலுக்கு மேல் காட்டியது. ஆக, டைனமோ கரண்டு தருகிறது, பேட்டரிக்கு வந்து சேரவில்லை. நடுவில் எங்கோ திருட்டுப் போகிறது. பெல்ட் சரி, வயர் சரி. குனிந்து அடியில் பார்த்தேன். இஞ்சினையும் சேஸையும் இணைக்கிற எர்த் பட்டை நன்றாகத்தான் முறுக்கியிருந்தது. ஆனால் அதன் அடியில் கறுப்புப் பெயிண்ட்.

இந்தக் கூத்து எங்கள் பக்கம் அடிக்கடி நடக்கும். ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டப் போகும்போது வண்டி புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று, அடியில் போல்ட்டு, நட்டு, பட்டை என்று ஒன்றையும் விடாமல் கறுப்பு அடித்துவிடுவார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். பெயிண்டுக்கு மேலே பட்டையை முறுக்கினால் இரும்பும் இரும்பும் தொடாது, கரண்டு எப்படித் திரும்பும்?

"எந்தக் கிறுக்கன்மா எர்த் மேல பெயிண்ட் அடிச்சது?" என்றேன்.

"அவுகதேன்" என்றாள். "கடைசி எஃப்.சி.க்கு லீவு போட்டு உக்காந்து, ஒரு நாள் முழுக்க அவுகளே அடிச்சாக."

நான் மறுபடி வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டேன். உப்புத்தாள் போட்டு அந்த இடத்தைத் தேய்த்தேன். கறுப்பு உதிர்ந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. அவள் எதிர்த்த பெட்ரோல் பங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டையை முறுக்கி, மறுபடி மீட்டரை வைத்தேன். பேட்டரியிலும் பதினாலு வந்துவிட்டது. சிவப்பு விளக்கு சுத்தமாக அணைந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். "போ தங்கச்சி, இனிமே இந்த வண்டி உன்ன நடுரோட்டுல விடாது" என்று சொல்லி அனுப்பினேன்.

வாரம் திரும்பவில்லை. மில்லில் வேன்களைக் கவனிக்கிற சூப்பர்வைசர் இன்பராஜிடமிருந்து எனக்குப் போன்.

"பாய், அந்தப் பரளச்சி வண்டிய என்னதான் பண்ணுனீங்க? பொம்பளைக எல்லாம் இறங்கித் தள்ளிக்கிட்டு வந்திருக்காக. ஷிப்ட் மாத்துற நேரத்துல மெஷினு சும்மா நிக்குது, மேல இருக்கவரு என்னைய உரிக்கிறாரு. ஆனந்தகுமார் முகத்துக்காகத்தான் இம்புட்டு நாளும் பாத்தேன். இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா பாலவநத்தம் வண்டிக்கு அந்த டிரிப்பக் குடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

இன்பராஜ் கெட்டவன் இல்லை. அவனுக்கு மேலேயும் ஒருவன் உட்கார்ந்து கத்துகிறான். ஆனால் நான் சரி பண்ணினேன் என்று சொன்ன வண்டி அது.

மில்லுக்கு இரண்டு நாள் லீவு வந்தபோது வேனை வரச்சொல்லிக் கடையிலேயே நிறுத்தினேன். பேட்டரியைக் கழற்றி லோடு கொடுத்துச் சோதித்தேன், நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோர்த்தேன். எங்காவது கரண்டு கசிந்தால் பல்பு மினுங்கும். பொட்டு வெளிச்சம்கூட இல்லை. உள்விளக்கு, பாட்டு செட், ஹாரன் என்று ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தேன். சுத்தம். வண்டியை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. இதற்கு மேல் ஒரு வண்டியை என்ன சோதிக்க முடியும்?

நாகஜோதி எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் விடிகாலையில் அவளிடமிருந்து போன். செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்துக் காட்டு டிராக்டரைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்துக் கிளப்பி, எப்படியோ நேரத்துக்கு மில் வாசலைத் தொட்டுவிட்டாள். பெண்களை இறக்கிவிட்டு நேரே கடைக்கு வந்தாள்.

அன்றைக்கு நான் பேசியது நியாயமே இல்லை. "கடையில நின்னா ஸ்டார்ட் ஆகுது, உன் வீட்டுல நின்னா படுத்துக்கிருது. வண்டிக்கு என்ன மாமியா வீடா புடிக்கல? சாவிய ஆன்ல விட்டுட்டுத் தூங்கிருக்க. ஒத்துக்கமா, ஒண்ணும் குடி முழுகிறாது" என்றேன்.

"இல்லண்ணே."

"பெறகு பேயா வந்து கரண்டக் குடிக்குது?"

அவள் அழுதுவிட்டாள். அழுகையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வேனுக்குள் ஏறிப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். "சாவிய உருவி ஆணியில மாட்டாம நான் சோத்துல கை வைக்க மாட்டேண்ணே" என்றாள். "அவுக சாஞ்சு கெடந்த எடம்ணே அந்த டிரைவர் சீட்டு. சோலி முடிஞ்சா ஒரு நிமிசம்கூட அதுல உக்கார மாட்டேன். நானா ஆன்ல விட்டுட்டுப் போவேன்?"

அவளுக்கு ஒரு டீ சொன்னேன். பின் சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கு கிடந்தது. என்ன என்று கேட்டேன். கழற்றிய பழைய டைனமோ என்றாள். அதை எடுத்துவந்து பிரித்தேன்.

பிரித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பேரிங் நன்றாக இருந்தது. பிரஷ் தேயவில்லை. உள்ளே சுற்றுகிற செம்புக்கம்பி காயில் மட்டும் கருகித் தீய்ந்திருந்தது. ஓடுகிற வண்டியில் இந்தக் காயில் இப்படிக் கருகாது, டைனமோவில் இருக்கிற விசிறியே சூட்டைத் தள்ளிவிடும். இஞ்சின் நின்றிருக்கும்போது, சாவி மட்டும் ஆனில் கிடந்து, மணிக்கணக்கில் கரண்டு பாய்ந்தால்தான் இந்தக் கதி. அதுவும் ஒரு நாளில் இல்லை, பல நாள். நாகஜோதி பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஆணியில் மாட்டிய சாவியை வேறு யாரோ எடுக்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

நான் அவளிடம் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காமல் ஒரு வீட்டுக்குள் கொள்ளி வைக்கக் கூடாது. அன்றைக்கே சாயங்காலம், பரளச்சிப் பக்கம் ஒரு டிராக்டருக்கு லைட் வேலை இருக்கிறது என்று கடையில் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கொத்தமல்லிக்காகப் புழுதி உழவு போட்டு மழைக்குக் காத்துக் கிடந்தது கரிசல். அவர்கள் வீட்டுச் சந்துக்குள் வேன் நுழையாது. வேலிக்கருவை வெட்டிய ஒரு பொட்டலில்தான் நிறுத்துவாள். வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. காற்றோட்டமாக இருக்கிறது என்று மாமியார் இப்போதெல்லாம் அங்கேதான் படுக்கிறார் என்று நாகஜோதி முன்பே சொல்லியிருந்தாள். பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். பெத்தம்மாள் சந்துக்குள்ளிருந்து வந்தார். முடியை அள்ளி முடிந்து, முகம் கழுவியிருந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் ஒரு கால் வைத்து எட்டிச் சாவியைப் போட்டு ஒரே ஒரு திருப்பு திருப்பினார். டேஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. பேட்டரி விளக்கு, ஆயில் விளக்கு. அந்த அம்மா இறங்கி, சீட்டைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

நான் செருமினேன். திடுக்கிட்டுத் திரும்பியவர், வண்டி பார்க்கிற மைதீன் என்று நான் சொன்னதும், "வாங்க தம்பி. ஜோதி இப்பத்தேன் குளிக்கப் போனா" என்றார்.

"என்ன பெரியம்மா செய்றீக?"

"விளக்குப் போடுறேன்."

ஊரெல்லாம் செய்கிற காரியத்தைச் சொல்வது போலச் சொன்னார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை, ஒரு மறைப்பும் இல்லை.

"இந்தச் சீட்டுலதான தம்பி எம்மகன் உசுரு பிரிஞ்சுச்சு. உசுரு போன எடத்துல விளக்கு எரியணும்ல. வீட்டுல படத்துக்கு முன்னால ஏத்தி என்ன செய்ய, அவன் அங்கயா இருக்கான்? மொதல்ல இங்கன அகல் விளக்குத்தேன் வச்சேன். சீட்டு லேசாக் கருகிப்போச்சு. வண்டியக் கொளுத்திப்புடாதீக அத்தன்னு ஜோதி வஞ்சுட்டா. அவ சொல்றதும் நாயந்தேன். அவன் பொழுதடஞ்சா சாவிய இப்படி ஒரு திருப்பு திருப்பிக் கும்புடுவான். அது எனக்கு ஞாபகம் வந்துச்சு. எண்ணெயும் வேணாம், திரியும் வேணாம். காத்துக்கு அணையாது. பாருங்க, எப்படிச் செவசெவன்னு எரியுது."

"எப்ப அணைப்பீக?"

"கோழி கூப்பிட எந்திரிச்சு அணச்சுட்டு, சாவியக் கொண்டுபோயி ஆணியில மாட்டிருவேன். வேலைக்குப் போற பிள்ள, அவ தூக்கத்த எதுக்குக் கெடுப்பானேன்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கேட்காமலே பேசினார். அந்தப் பேச்சை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் போல இருந்தது.

"அன்னைக்குக் காலையில நெஞ்சப் புடிக்குதும்மான்னு சொன்னான் தம்பி. நான் வாயுன்னு நெனச்சேன். சோடாவுல எலுமிச்சம்பழம் புழிஞ்சு, உப்புப் போட்டுக் குடுத்தேன். ஏப்பம் விட்டான். சரியாப் போச்சும்மான்னான். அப்ப ஆஸ்பத்திரிக்குப் போடான்னு சொல்லாம, நேரமாச்சு, வண்டிய எடுன்னு நாந்தேன் அனுப்புனேன். எங்கையால குடுத்து அனுப்புனேன்."

எங்கள் ஊரில் யார் வீட்டிலும் நெஞ்சு வலித்தால் முதலில் சோடாதான். என் உம்மாவும் அதைத்தான் கொடுத்திருப்பார். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை.

ஈரத் தலையோடு நாகஜோதி வந்தாள். எரிகிற விளக்கைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதே இல்லை. பைக் வரைக்கும் என்னோடு நடந்துவந்தாள். நான் எதிர்பார்த்தது கோபம். அவளுக்குக் கோபம் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "அத்தகிட்ட மட்டும் சொல்லிராதீகண்ணே" என்றாள்.

"சொல்லாம எப்படிமா நிறுத்துறது? இன்னொரு தடவ நின்னா டிரிப்பு போயிரும்னு இன்பராஜ் சொல்லிட்டான்."

"டிரிப்பும் வேணும்ணே. ஆனா அத்த ஏற்கெனவே அந்தச் சோடாவ நெனச்சு நெனச்சுத்தேன் சாகுது. மகனையும் நாந்தேன் கொன்னேன், அவன் வண்டியவும் நாந்தேன் கெடுத்தேன்னு தெரிஞ்சா, அப்புறம் நான் அத எப்படித் தேத்துவேன்? சாவிய ஒளிச்சு வச்சாலும் கண்டுபுடிச்சிரும். நீங்கதேன் எதாச்சும் செய்யணும்."

யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. மறுநாள் மதியம், இரண்டு டிரிப்புக்கு நடுவில் வேனைக் கடைக்கு வரச்சொன்னேன். டேஷ்போர்டின் மேல் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினேன். செக்கச் செவேலென்று, அகல் சுடர் மாதிரியே குறுகி நிற்கிற விளக்கு. சாவிக்குச் சம்பந்தமில்லாமல், கதவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டன். அது மாசக்கணக்கில் எரிந்தாலும் பேட்டரிக்குத் தெரியாது. என் வேலையில் எனக்கே ஒரு சந்தோஷம். வேன் பின்னாலேயே பைக்கில் போய், பெத்தம்மாளைக் கூப்பிட்டு நானே காட்டினேன்.

"பெரியம்மா, இனிமே படியில ஏறி எட்ட வேணாம். சாவியும் வேணாம். இந்தப் பட்டனத் தட்டுங்க, விளக்கு எரியும். எம்புட்டு நேரம் வேணாலும் எரியட்டும்."

தட்டிக் காட்டினேன். சுடர் எரிந்தது. பெத்தம்மாள் விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவித் துவாரத்தைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, சாவியத் திருப்புனா என்ன?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. உங்களுக்குச் சுளுவா இருக்கட்டும்னுதேன்."

"வண்டி காலையில கெளம்பாம நின்னுச்சே, அது?"

"அது எர்த் கோளாறு. சரி பண்ணியாச்சு" என்றேன். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நாகஜோதி அவசரமாக, "ஆமா அத்த, எர்த்துதேன்" என்றாள்.

"சரி" என்றார் பெத்தம்மாள். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் நிம்மதியாக பைக்கைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு வேன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. டிரிப்பு நாகஜோதியிடமே இருந்தது. ஐப்பசி மழையில் ரோடு அரித்துக் கிடந்தபோது மற்ற வண்டிகள் லேட்டானாலும் அவள் நேரத்துக்குப் போய் நின்றாள் என்று இன்பராஜே சொன்னான். மல்லாங்கிணறு பக்கத்து டிரிப்பையும் அவளுக்கே கொடுத்தான். அவளும் கொஞ்சம் தேறியிருந்தாள். ரோட்டில் எதிரே வந்தால் ஹெட்லைட்டை ஒரு தடவை மினுக்கிவிட்டுப் போவாள். மைதீன் பாய் கை வைத்தால் வண்டி நிற்காது என்று அவளே நாலு பேரிடம் சொல்ல, எனக்குப் புது ஆட்கள்கூட வந்தார்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

தை பிறந்த பிறகு ஹாரன் கேட்கவில்லை என்று வேனைக் கொண்டுவந்தாள். உள்ளே குனிந்து வேலை பார்க்கும்போது, நான் பொருத்திய விளக்கு கண்ணில் பட்டது. டேஷ்போர்டைத் தினமும் துடைக்கிறாள், ஆனால் அந்தப் பட்டன் மேல் மட்டும் கரிசல் புழுதி படிந்து கிடந்தது. விரல் பட்ட தடமே இல்லை.

"பெரியம்மா விளக்குப் போடுறதில்லையா?"

நாகஜோதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மாட்டிட்டுப் போன அன்னைக்கே போடலண்ணே. கட்டிலையும் தூக்கி உள்ள போட்டுக்கிச்சு. வண்டிப் பக்கமே வாரதில்ல. கேட்டா, முட்டு வலிக்குதுங்குது."

"சொல்லிட்டியா?"

"நான் சொல்லலண்ணே. சத்தியமாச் சொல்லல. வண்டிதேன் சொல்லுது." அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "முன்னாடியெல்லாம் சாவியத் திருப்பித் திருப்பிப் பாப்பேன், பெறகு யாரையாச்சும் கூப்புட்டுத் தள்ளுவேன். இப்ப ஒரு திருப்புல கெளம்பிருது. அந்தச் சத்தம் கேட்டதும் அத்த உள்ள எந்திரிச்சு உக்காந்துக்கிருது. நான் டிரிப்பு முடிச்சு வந்து பாத்தா கண்ணு வீங்கிக் கெடக்கு. நேத்து வாய விட்டே சொல்லிருச்சு. பாத்தியா ஜோதி, நான் தொடாம இருந்தா எல்லாம் நல்லாத்தேன் ஓடுது. அவன அன்னைக்கு நான் தொடாம இருந்திருக்கலாமேன்னு."

நான் ஹாரன் வயரை முறுக்கி டேப்பைச் சுற்றினேன். அதற்கு மேல் செய்ய அந்த வண்டியில் எதுவும் இல்லை. மில் விடுகிற நேரம் ஆகிவிட்டது என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. பெரியம்மா தொடாத இத்தனை நாளில் ஒரு தடவையாவது அது கிளம்பாமல் நின்றிருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது.